கரண்ட் டிரைவ் ஆம்ப்ளிஃபையரும் அதிக உணர்திறன் ஸ்பீக்கரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

95 டெசிபலுக்கு மேல் உணர்திறன் (1 வாட்டுக்கு 1 மீட்டரில் வரும் சத்தம்) உள்ள ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரோ (பேஸ் முதல் ட்ரெபிள் வரை ஒரே கோனில் தருவது) ஹார்னோ வீட்டில் வைத்திருந்து, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கான பக்கம் இது. கரண்ட் டிரைவ் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி இதுதான் சரியான முறை, மற்றதெல்லாம் தப்பு என்கிறது. இன்னொன்று பேஸ் கெட்டுப்போகும், தொடவே வேண்டாம் என்கிறது. என் கணிப்பு: குரலும் வயலினும் இருக்கும் நடுப்பகுதியில் பலன் உண்மை, பேஸில் அது ஸ்பீக்கரைப் பொறுத்தது, ட்ரெபிளைச் சமன்செய்யாமல் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வது வீண்.

கரண்ட் டிரைவ் என்றால் என்ன?

ஸ்பீக்கரின் கோனைத் தள்ளுவது வாய்ஸ் காயிலில் ஓடும் கரண்ட். காந்தப்புலத்தின் வலிமை, அதற்குள் இருக்கும் கம்பியின் நீளம், கரண்ட் இந்த மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் விசை. அந்தக் கணக்கில் வோல்டேஜ் எங்குமே இல்லை.

ஆனால் நம் வீட்டு ஆம்ப் எல்லாம் வோல்டேஜைத்தான் கட்டுப்படுத்துகின்றன. இத்தனை வோல்ட் என்று நிர்ணயித்துக் கொடுத்துவிடும். எவ்வளவு கரண்ட் ஓடுவது என்பதை ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (அலைவரிசைக்கு ஏற்ப மாறும் தடை) முடிவு செய்யும். இம்பீடன்ஸோ நிலையானது கிடையாது. பின்பக்கம் 8 ஓம் என்று ஒட்டியிருந்தாலும் மீட்டரில் 6 அல்லது 7 ஓம் காட்டும். ஒத்ததிர்வு (கோன் இயல்பாகவே அதிகம் ஆடுவது) வரும் அலைவரிசையில் அதுவே 50, 60 ஓம் வரை ஏறும். 10 கிலோஹெர்ட்ஸில் காயிலின் இண்டக்டன்ஸால் (அலைவரிசை ஏற ஏறக் கரண்டை அதிகம் தடுக்கும் குணம்) 15, 20 ஓம் ஆகும். காயில் சூடானால் மாறும், கோன் முன்னும் பின்னும் போகும்போதும் மாறும். அத்தனை மாற்றமும் கரண்டில் எதிரொலிக்கும், அதனால் ஒலியிலும்.

கரண்ட் டிரைவ் ஆம்ப் இத்தனை ஆம்பியர் என்று நிர்ணயிக்கும். அதற்குத் தேவையான வோல்டேஜ் எதுவோ அதைக் கொடுத்துக்கொள்ளும். இன்னொரு விதமாகச் சொன்னால், வோல்டேஜ் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். கரண்ட் ஆம்பினுடையது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸைப் போலப் பல மடங்கு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த நடுப்பகுதிதான் வீட்டில் உண்மையில் பயன்படுவது.

அப்படியென்றால் உலகம் முழுக்க ஏன் வோல்டேஜ் பக்கம் போனது?

ஆரம்பத்தில் அப்படிப் போகவில்லை. செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைய வடிவ கோன் ஸ்பீக்கரை விவரித்தது 1925-ல். பின்னால் வந்த வால்வு ரேடியோக்களில் வெளியீட்டு வால்வு பெரும்பாலும் பெண்டோடு (ஐந்து மின்முனை உள்ள வால்வு). நம் வீடுகளில் பரணில் கிடக்கும் ரேடியோக்களில் காணப்படும் இஎல்84-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்தடை ஏறத்தாழ 38 கிலோஓம், அதற்குக் கொடுக்கும் லோடு 5.2 கிலோஓம். பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பி ஒப்பிடும் முறை) இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்கு அது தன் இம்பீடன்ஸைப் போல 7 மடங்கு வெளியீட்டு இம்பீடன்ஸ் உள்ள ஆம்பாகத் தெரியும். பாதிக்கு மேல் கரண்ட் டிரைவ். மெல்லிய காகிதக் கோன், விறைப்பான விளிம்பு, பின்பக்கம் திறந்த பெட்டி, சில வாட் சக்தி என்று எல்லாம் அதற்கேற்றபடி இருந்தன.

ஹாரால்ட் பிளாக் 1927-ல் எதிர்ப் பின்னூட்டத்தைக் கண்டுபிடித்தார். 1947-ல் வந்த வில்லியம்சன் ஆம்ப் பின்னூட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. வெளியீட்டு இம்பீடன்ஸ் சரிந்தது. 1961-ல் தீல், 1970-களில் ஸ்மால் என்று பெட்டிக்கான கணக்குகளை வகுத்தவர்கள் ஆம்ப் வோல்டேஜ் மூலம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள். அதன்பின் எந்த ஆம்பையும் எந்த ஸ்பீக்கரோடும் இணைக்கலாம் என்ற நிலை வந்தது. வியாபாரத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. அது மோசமான முடிவு என்று நான் சொல்லமாட்டேன்.

எதையும் கட்டாமல் வித்தியாசத்தை உணர முடியுமா?

முடியும், செலவே இல்லை. ஆம்பிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். கோனின் நடுவில், டஸ்ட் கேப்பைத் தொடாமல் அதற்குச் சற்று வெளியே, விரல் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். ‘தொம்ம்’ என்று ஒரு இழுவை கேட்கும். இப்போது இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்துவிட்டுத் தட்டுங்கள். ‘தப்’ என்று உடனே அடங்கும். காந்தம் பெரிதாக உள்ள ஃபுல்ரேஞ்சில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

முனைகள் திறந்திருப்பது கரண்ட் டிரைவின் நிலை. ஷார்ட் ஆகியிருப்பது வோல்டேஜ் டிரைவின் நிலை. கோன் அசையும்போது காயில் ஒரு சிறு ஜெனரேட்டராகி எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. அதற்கு வழி கிடைத்தால் கரண்ட் ஓடி கோனைப் பிடித்து நிறுத்தும். வழியை அடைத்துவிட்டால் விளிம்பு ரப்பரும் ஸ்பைடரும்தான் (காயிலை நடுவில் பிடித்திருக்கும் நெளிவுத் துணி) நிறுத்தியாக வேண்டும்.

(ஆம்பை இணைத்த நிலையில் இந்த ஷார்ட் வேலையைச் செய்துவிடாதீர்கள்.)

இதற்கு ஏன் அதிக உணர்திறன் ஸ்பீக்கர்?

முதல் காரணம், சக்தியை வீணடிக்க முடிகிறது. சாதாரண புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86 டெசிபல் தரும். மின்சாரத்தில் கால் சதவீதம்தான் ஒலியாகிறது, மிச்சம் சூடு. 96 டெசிபல் என்றால் ஏறத்தாழ 2.5 சதவீதம். அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு சக்தி போதும். ஆகவே ஆம்பின் சக்தியில் பெரும்பகுதியை ஒரு ரெசிஸ்டரில் எரித்துவிட்டும் அறை நிறையக் கேட்கலாம்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இந்த ஸ்பீக்கர்களின் காந்தம் மிக வலுவானது. அதனால் மின்தணிப்பும் (மேலே சொன்ன, எதிர் வோல்டேஜ் கோனைப் பிடித்து நிறுத்துவது) அளவுக்கு மீறி இருக்கும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் போட்டால் பேஸ் வறண்டு, நடுப்பகுதி மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு கேட்கும். வெளியீட்டு இம்பீடன்ஸைக் கூட்டினால் அந்தப் பிடி தளர்கிறது, பேஸ் திரும்பி வருகிறது. இவற்றை வால்வு ஆம்போடு கேட்டவர்கள் ‘இப்போதுதான் உயிர் வந்தது’ என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான், மீதிதான் வால்வு.

மிகக் குறைந்த செலவில் எப்படித் தொடங்குவது?

ஸ்பீக்கரோடு தொடராக ஒரு ரெசிஸ்டர். அவ்வளவுதான். ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர், 10 அல்லது 20 வாட். 15, 22, 47 ஓமில் இரண்டிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப் என்றால் அதன் அதிகபட்ச வெளியீடு 20 வோல்ட் (ஆர்எம்எஸ்). 47 ஓமையும் ஸ்பீக்கரின் 8 ஓமையும் சேர்த்தால் 55 ஓம்; கரண்ட் 0.36 ஆம்பியர், ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்வது 1 வாட்டுக்குச் சற்று மேல். 98 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 1 மீட்டரில் 98 டெசிபல். சின்ன அறைக்கு இது தாராளம். அதே 86 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் கச்சேரியின் உச்சங்களில் ஆம்ப் மூச்சுத் திணறும். 22 ஓம் போட்டால் ஸ்பீக்கருக்கு மூன்றரை வாட் கிடைக்கும், 15 ஓமில் 6 வாட்.

முழுச் சத்தத்தில் தொடர்ந்து சைன் அலை கொடுத்தால் 22 ஓம் ரெசிஸ்டரில் 10 வாட் எரியும். இசையில் அதில் சிறு பங்குதான். இருந்தாலும் ரெசிஸ்டரைத் திரைச்சீலை, பஞ்சு, பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள், பெட்டிக்குள்ளும் வேண்டாம்.

ரெசிஸ்டர் போடுவது உண்மையான கரண்ட் டிரைவா? ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதே?

ஸ்பீக்கருக்குத் தெரிவது முனைகளுக்குப் பின்னால் என்ன இம்பீடன்ஸ் இருக்கிறது என்பது மட்டும். அங்கே 47 ஓம் ரெசிஸ்டர் இருந்தாலும், 47 ஓம் வெளியீட்டு இம்பீடன்ஸோடு விலையுயர்ந்த ஆம்ப் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். வித்தியாசம் சக்தி விரயத்தில் மட்டும்.

‘டேம்பிங் ஃபேக்டர் 1000 என்று போட்டிருக்கிறதே, அதைப் பாழாக்கலாமா’ என்றும் கேட்கிறார்கள். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸால் வகுத்தால் வருவதுதான் அது. காயிலின் 6, 7 ஓம் எப்போதும் அந்த வழியில் குறுக்கே நிற்கிறது. ஆம்பின் பக்கம் 0.008 ஓமா 0.1 ஓமா என்பது அதன் முன் ஒன்றுமே இல்லை. 50-க்கு மேல் போன டேம்பிங் ஃபேக்டர் விளம்பரத் தாளுக்குத்தான் உதவும்.

பேஸ் என்ன ஆகும்?

ஒத்ததிர்வில் கோன் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை க்யூ மதிப்பு சொல்லும். ஸ்பீக்கரின் தகவல் தாளில் மூன்று க்யூ இருக்கும்: மின்சார க்யூ, இயந்திர க்யூ, இரண்டும் சேர்ந்த மொத்த க்யூ. வெளியீட்டு இம்பீடன்ஸ் மாற்றுவது முதலாவதை மட்டும். காயில் தடையோடு தொடர் ரெசிஸ்டரைக் கூட்டி, காயில் தடையால் வகுத்து, வரும் எண்ணால் மின்சார க்யூவைப் பெருக்குங்கள். பிறகு இரண்டு க்யூவையும் இணையாக இருக்கும் ரெசிஸ்டர்களைப் போலச் சேர்த்தால் மொத்த க்யூ.

காயில் 7 ஓம், மின்சார க்யூ 0.2, இயந்திர க்யூ 5 உள்ள ஒரு வலுவான ஃபுல்ரேஞ்சை வைத்துப் பார்ப்போம். ரெசிஸ்டர் இல்லாதபோது மொத்த க்யூ 0.19. அதாவது ஒத்ததிர்வு அலைவரிசையில் 14 டெசிபல் கீழே கிடக்கிறது. பேஸ் எங்கே என்று தேட வேண்டும். 15 ஓம் போட்டால் 0.56. 22 ஓமில் 0.71, அங்கே 3 டெசிபல்தான் குறைவு; பாடநூலில் வரும் சமதள வளைவு இதுதான். 47 ஓமில் 1.18, சற்றே புடைக்கும். முழுக் கரண்ட் டிரைவில் 5. ஒத்ததிர்வில் 14 டெசிபல் மேலே எகிறும். மிருதங்கத்தின் தொப்பியில் விழுந்த ஒரு ‘தோம்’ அடுத்த சொல் வந்த பிறகும் அறையில் நின்றுகொண்டிருக்கும்.

இந்த எண்கள் பெட்டி இல்லாத தனி ஸ்பீக்கருக்கு. மூடிய பெட்டியில் ஒத்ததிர்வும் க்யூவும் இரண்டும் இன்னும் ஏறும், அதனால் அங்கே சிறிய ரெசிஸ்டரில் தொடங்குங்கள். உங்கள் ஸ்பீக்கரின் மொத்த க்யூ ஏற்கெனவே 0.4-க்கு மேல் இருந்தால் பேஸுக்காக இந்தப் பக்கம் வர வேண்டியதே இல்லை.

ட்ரெபிள் கூர்மையாகிவிட்டது, காதைக் குத்துகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கரண்ட் டிரைவுக்கு மாறும்போது அலைவரிசை வளைவில் வரும் மாற்றம், அந்த ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வளைவேதான். இம்பீடன்ஸ் எங்கெல்லாம் மேலே போகிறதோ அங்கெல்லாம் ஒலி அதே விகிதத்தில் ஏறும். 400 ஹெர்ட்ஸில் 7 ஓமாக இருப்பது 10 கிலோஹெர்ட்ஸில் 20 ஓம் ஆனால் ட்ரெபிள் 9 டெசிபல் கூடும். ஸ்பீக்கரைத் தயாரித்தவர் இண்டக்டன்ஸ் ட்ரெபிளைக் குறைக்கும் என்று தெரிந்தே கோனை வடிவமைத்திருப்பார். நாம் அந்தக் குறைப்பை எடுத்துவிட்டோம். விசர் கோன் (ட்ரெபிளுக்காக நடுவில் ஒட்டிய சிறு கோன்) உள்ள ஃபுல்ரேஞ்சுகளில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

ஆகவே ரெசிஸ்டர் வாங்கும் முன் இம்பீடன்ஸ் வளைவைப் பாருங்கள். தகவல் தாளில் இல்லாவிட்டால் ஒரு சவுண்ட் கார்டும் 100 ஓம் ரெசிஸ்டரும் வைத்து ஆர்இடபிள்யூ மென்பொருளில் நீங்களே அளந்துவிடலாம், மென்பொருள் இலவசம்.

சமன் செய்வதை எங்கே செய்வது, ஆம்புக்கு முன்னாலா, ஸ்பீக்கருக்குக் குறுக்கேயா?

இரண்டும் செய்யலாம், பலன் வேறு வேறு.

ஸ்பீக்கருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், காயில், கெப்பாசிட்டரைத் தொடராக்கி ஒத்ததிர்வு அலைவரிசையில் டியூன் செய்து போட்டால், அங்கே கரண்டின் ஒரு பகுதி அந்த வழியாகத் திரும்பிவிடும். கோனின் எதிர் வோல்டேஜுக்கும் வழி கிடைப்பதால் தணிப்பும் திரும்பும். பேஸுக்கு இது நல்ல வழி. குறை என்னவென்றால், 40, 50 ஹெர்ட்ஸுக்கு வேண்டிய காயிலும் கெப்பாசிட்டரும் பெரியவை, விலையும் அப்படியே. ட்ரெபிளுக்கும் இதே மாதிரி ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் குறுக்கே போடலாம். ஆனால் அந்த அலைவரிசையில் நீங்கள் மெல்ல வோல்டேஜ் டிரைவுக்குத் திரும்பிப் போகிறீர்கள். எதற்காக இந்த வேலையில் இறங்கினோமோ அது கொஞ்சம் கைநழுவும்.

ஆம்புக்கு முன்னால் டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும்) பலகையிலோ கணினியிலோ சமன் செய்தால் கரண்ட் டிரைவ் அப்படியே இருக்கும். ஒத்ததிர்வுப் புடைப்பைச் சரியாகக் கண்ணாடிப் பிம்பம்போல் வெட்டினால் இழுவையும் சேர்ந்து போய்விடும். ஆனால் ஒத்ததிர்வு ஓரிடத்தில் நிற்பதில்லை. அறை வெப்பம், ஸ்பைடரின் வயது, சத்தத்தின் அளவு எல்லாம் அதை நகர்த்தும். வெட்டிய இடம் ஒன்று, புடைப்பு வேறொன்று என்றாகும். பேஸுக்கு மிதமான வெளியீட்டு இம்பீடன்ஸ் அல்லது குறுக்குச் சுற்று, ட்ரெபிளுக்கு டிஎஸ்பி என்று பிரித்துக்கொள்வதே எனக்கு ஒத்துவந்த வழி.

டிஸ்டார்ஷன் நிஜமாகவே குறைகிறதா?

குறைகிறது, எல்லா இடத்திலும் இல்லை. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மில்ஸும் ஹாக்ஸ்ஃபோர்டும் இதை ஆராய்ந்து 1989-ல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். அந்தக் காரணங்கள் இன்றும் அதே. கோன் உள்ளே போகும்போது காயில் இரும்பை அதிகம் சூழ்ந்துகொள்ளும், இண்டக்டன்ஸ் கூடும். வெளியே வரும்போது குறையும். பேஸில் கோன் ஆடிக்கொண்டிருக்கும்போதே பாடகியின் குரலும் அதே காயிலில் ஓடினால், குரலுக்கான கரண்ட் பேஸின் தாளத்துக்கு ஏறி இறங்கும். வோல்டேஜ் டிரைவில் இது ஒலியாக வெளியே வரும். கரண்ட் டிரைவில் ஆம்ப் அதை ஈடுகட்டிவிடும். இண்டக்டன்ஸ் மாறுவதைக் குறைக்கும் தாமிர ஷார்ட்டிங் வளையம் இல்லாத ஒற்றைக் கோன் ஃபுல்ரேஞ்சுக்கு இந்தப் பலன் அதிகம், ஏனென்றால் பேஸும் குரலும் ஒரே காயிலில்.

எது குறையாது? காந்தப்புலம் காயிலின் எல்லா நிலையிலும் ஒரே வலிமையில் இல்லாததால் வரும் பிழை அப்படியே இருக்கும். விளிம்பும் ஸ்பைடரும் இழுபடும்போது வரும் பிழையும் அப்படியே. ஒத்ததிர்வுக்கு அருகில் அது கூடவும் கூடும், ஏனென்றால் வோல்டேஜ் டிரைவில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த மின்தணிப்பு இப்போது இல்லை. ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்கு மேல் கரண்ட், கீழே வோல்டேஜ் என்று இரண்டு ஆம்ப் வைத்துப் பிரிக்க முடிந்தவர்களுக்கு அதுவே உத்தமம்.

காயில் சூடாவதால் வரும் சத்தக் குறைவையும் இது சரிசெய்யுமாமே?

கோட்பாட்டில் சரி. தாமிரத்தின் தடை ஒரு டிகிரி செல்சியசுக்கு 0.39 சதவீதம் ஏறும். காயில் 100 டிகிரி சூடேறினால் வோல்டேஜ் டிரைவில் கிட்டத்தட்ட 3 டெசிபல் போய்விடும். ஆனால் அது திருவிழா ஸ்பீக்கரின் கவலை. ஒரு வாட்டில் பாடும் ஃபுல்ரேஞ்சுக்கு இதைக் காரணம் காட்டி எவராவது ஆம்ப் விற்க வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டு வழி, மூன்று வழி ஸ்பீக்கரில் செய்யலாமா?

உள்ளே பாசிவ் கிராஸோவர் (ஒலியை டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) இருந்தால் வேண்டாம். அந்தக் காயிலும் கெப்பாசிட்டரும் வோல்டேஜ் மூலத்தை நம்பிக் கணக்கிடப்பட்டவை. கரண்ட் டிரைவில் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் போகும் பங்கு தாறுமாறாகும். ஒற்றை ஃபுல்ரேஞ்ச், அல்லது ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப் வைத்த ஆக்டிவ் அமைப்பு, இரண்டில் ஒன்று.

ரெசிஸ்டர் சோதனை பிடித்துவிட்டது. சரியான கரண்ட் ஆம்ப் ஒன்றை எப்படிக் கட்டுவது?

எல்எம்3886 போன்ற சிப் போதும். வழக்கமான சுற்றில் பின்னூட்டம் ஆம்பின் வெளியீட்டிலிருந்து எடுக்கப்படும். இங்கே ஸ்பீக்கரின் பிளஸ் முனையை வெளியீட்டில் இணைத்து, மைனஸ் முனையை கிரவுண்டில் நேராகக் கொடுக்காமல் 0.5 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள். அந்த ரெசிஸ்டரின் மேல்முனையிலிருந்து 1 கிலோஓம் வழியாக சிப்பின் மைனஸ் உள்ளீட்டுக்குப் பின்னூட்டம். உள்ளீட்டில் 1 வோல்ட் கொடுத்தால் ஸ்பீக்கரில் 2 ஆம்பியர் ஓட வைக்க சிப் முயலும். 8 ஓமில் 1 வாட்டுக்கு 0.35 ஆம்பியர் போதும், அதாவது 0.18 வோல்ட் உள்ளீடு.

இதில் கவனிக்க வேண்டியவை நாலைந்து உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சிப்பின் விலை.

ஸ்பீக்கரின் இண்டக்டன்ஸ் இப்போது பின்னூட்டப் பாதைக்குள் வந்துவிட்டது. அது கூடுதல் கட்டத் தாமதத்தைக் கொண்டுவரும். சிப் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் தானாக ஊசலாடத் தொடங்கும். ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே 22 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராகப் போட்டு அதைத் தடுங்கள். ஆசிலோஸ்கோப் இல்லாமல் இந்தச் சுற்றை நல்ல ஸ்பீக்கரில் மாட்டாதீர்கள். உள்ளீடே இல்லாதபோது ஹீட்சிங்க் சூடாவதுதான் ஊசலாட்டத்தின் முதல் அறிகுறி.

ஸ்பீக்கர் வயர் கழன்றால் பின்னூட்டம் அறுந்து வெளியீடு சப்ளை வோல்டேஜில் போய் முட்டி நிற்கும். அந்த நேரத்தில் வயரைத் திரும்பச் செருகினால் காயிலுக்கு ஆபத்து. பலகையிலேயே, ஸ்பீக்கர் டெர்மினலுக்கு முன்னால், வெளியீட்டுக்கும் 0.5 ஓமின் மேல்முனைக்கும் இடையே 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள்.

ஸ்பீக்கரின் மைனஸ் கிரவுண்ட் இல்லை. இரண்டு சேனலின் கறுப்பு வயரையும் சேர்த்துக் கட்டுவது, ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அங்கே மாட்டுவது எல்லாம் பின்னூட்டத்தையே ஷார்ட் செய்வதாகும்.

சப்ளை வோல்டேஜையும் யோசியுங்கள். 1 வாட்டுக்கு உச்ச கரண்ட் அரை ஆம்பியர்தான். ஆனால் ஒத்ததிர்வில் 60 ஓம் இருந்தால் அந்த அரை ஆம்பியரை ஓட்ட 30 வோல்ட் வேண்டும். ±25 வோல்ட் சப்ளை 1 வாட்டிலேயே கிளிப் ஆகும். பேஸ் புடைப்பை முன்கூட்டியே வெட்டிவிட்டால் இந்தத் தேவை தானாகக் குறையும்.

கடைசியாக, ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் டம்மி ரெசிஸ்டரை வைத்து வெளியீட்டில் டிசி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டாமல் காரணத்தைத் தேடுங்கள்.

கடையில் வாங்க முடியாதா?

குறைவு. அமெரிக்காவில் நெல்சன் பாஸ் தன் ஃபர்ஸ்ட் வாட் நிறுவனத்தின் பெயரில் 2000-களின் நடுவில் எஃப்1 என்ற 10 வாட் கரண்ட் ஆம்பைக் கொண்டுவந்தார்; உணர்திறன் மிக்க ஃபுல்ரேஞ்சுகளுக்கென்றே செய்தது. ஸ்பீக்கருக்குக் குறுக்கே சமன் சுற்றுகளைப் போடும் முறையைப் பரவலாக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பழைய பெண்டோடு வால்வு ஆம்பில் பின்னூட்ட வயரைக் கழற்றினாலும் பாதி தூரம் போய்விடலாம். ஆனால் உள்ளே 300 வோல்ட் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் கைவைக்க வேண்டாம்.

எந்தப் பெட்டி?

திறந்த பலகையில் பொருத்துவது மிகவும் ஒத்துப்போகும். அதில் பேஸ் முன்பின் அலைகள் கலந்து கரைந்துபோகும். க்யூ ஏறுவது அந்த நஷ்டத்தை ஈடுகட்டும். மூடிய பெட்டி அடுத்தது. போர்ட் வைத்த பெட்டி கடைசி: அதன் இம்பீடன்ஸில் இரண்டு மலைகள் உண்டு, இரண்டும் ஒலியில் எழுந்து நின்றால் தாங்காது. பேக் லோடட் ஹார்ன் வைத்திருப்பவர்கள் 10, 15 ஓமுக்கு மேல் போகாமல் பாருங்கள்.

கிளாஸ் டி ஆம்போடு ரெசிஸ்டர் சோதனை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் மலிவான பலகைகளின் வெளியீட்டில் உள்ள ஃபில்டர் 4 அல்லது 8 ஓம் லோடை எதிர்பார்த்துச் செய்தது. 55 ஓமைக் கண்டால் கேட்கும் எல்லைக்கு மேலே அது எகிறும், 20 கிலோஹெர்ட்ஸ் பக்கமும் லேசாகத் தெரியும். முதல் சோதனைக்குப் பழைய கிளாஸ் ஏபி ஆம்பே போதும்.

நல்ல ஸ்பீக்கர் கேபிள் வாங்க வேண்டுமா?

நடுவில் 47 ஓம் நிற்கிறது. கேபிளின் 0.1 ஓமை யார் தேடப்போகிறார்கள்? வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒயர் போதும்.

வித்தியாசம் கேட்கிறதா என்று எப்படி முடிவு செய்வது?

பெரும்பாலானவர்கள் ரெசிஸ்டரைச் செருகிவிட்டு உடனே பாட்டைப் போடுகிறார்கள். பேஸ் கூடியிருக்கும், ட்ரெபிள் கூடியிருக்கும், மொத்தச் சத்தம் குறைந்திருக்கும். இந்த மூன்றையும் கேட்டுவிட்டு ‘கரண்ட் டிரைவ் இப்படித்தான்’ என்று சொன்னால் நீங்கள் கேட்டது ஒரு டோன் கண்ட்ரோலை. அதே வளைவை வோல்டேஜ் டிரைவில் சமன்செய்தே கொண்டுவந்துவிடலாம்.

இரண்டு நிலையிலும் ஸ்பீக்கருக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் மைக் வைத்து அளந்து, டிஎஸ்பியில் இரண்டு வளைவையும் ஒன்றாக்குங்கள். சத்தத்தையும் சமமாக்குங்கள். இப்போது மிச்சம் இருப்பதுதான் கரண்ட் டிரைவின் உண்மையான பங்கு. அது சிறியது. பேஸ் நிறைந்த பதிவில் ஒரு குரல் அல்லது வயலின் தனியாக நிற்கும் இடங்களில் கேளுங்கள்: கடத்தோடும் மிருதங்கத்தோடும் வயலின் போகும்போது வில்லின் உராய்வு மங்காமல் தெரிகிறதா என்று பாருங்கள். வெறும் குரலும் தம்புராவும் உள்ள பதிவில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அங்கே கோன் பெரிதாக அசைவதே இல்லை.

ஹார்னில் உள்ள கம்ப்ரஷன் டிரைவருக்கு இது உதவுமா? ஹிஸ் சத்தம் தாங்கவில்லை.

ஹிஸ்ஸுக்கு உடனடி மருந்து இதுவே. 105, 110 டெசிபல் டிரைவரில் ஆம்பின் சொந்த இரைச்சல் நாற்காலி வரை கேட்கும். 47 ஓம் தொடராகப் போட்டால் அந்த இரைச்சல் 16, 17 டெசிபல் இறங்கும். வால்யூமைக் கூட்டிக்கொண்டால் இசை பழைய அளவுக்கு வந்துவிடும்.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். ஆன் செய்யும்போது வரும் ‘தட்’டிலிருந்து டிரைவரைக் காக்க எல்லாரும் தொடராக ஒரு கெப்பாசிட்டர் போடுவார்கள். கரண்ட் டிரைவில் அது அந்தத் ‘தட்’டைத் தடுக்காது. ஆம்ப் வோல்டேஜைக் கூட்டி அதே கரண்டைத் தள்ளப் பார்க்கும். அதற்குப் பதில் டிரைவருக்குக் குறுக்கே 2 மில்லிஹென்றி காயிலைப் போடுங்கள். 8 ஓம் டிரைவரோடு அது ஏறத்தாழ 640 ஹெர்ட்ஸுக்குக் கீழே கரண்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். காயிலின் டிசி தடை அரை ஓமுக்குள் இருக்கும்படி தடித்த கம்பியில் சுற்றியதாக வாங்குங்கள். அப்போதுதான் ஆம்ப் பழுதாகி டிசி வந்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குகூட டிரைவருக்குப் போகாது.